ஓடைமேல் ஒரு பேட்டை

பிலடெல்பியா விமான நிலையத்தில் இறங்குவதற்குச் சற்று முன்னால் ஜன்னல் வழியே ஒரு சதுப்பு நிலம் தெரிகிறது. டினிகம் என்று பெயர். டெலவேர் ஆற்றின் ஓதம் ஏறி இறங்கும் நன்னீர்ச் சதுப்பு. பென்சில்வேனியா மாநிலத்தில் அந்த வகையில் எஞ்சியிருப்பவற்றில் இதுவே பெரியது. நகரம் ஓரம் ஓரமாகத் தூர்த்துக்கொண்டது போக மீந்ததை 1972இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றிக் காப்பிடமாக்கியது. சதுப்பின் விளிம்பிலேயே ஈஸ்ட்விக் என்ற குடியிருப்பு. 1950களில் நகரப் புதுப்பிப்பு என்று சொல்லி, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அக்கம்பக்கமாக வாழ்ந்த பழைய ஈஸ்ட்விக்கிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கிளப்பிவிட்டு, அதே தாழ்நிலத்தில் புது வீடுகள் கட்டினார்கள். பக்கத்திலேயே பழைய குப்பை மேடு. மழை பலத்தால் டார்பி ஓடை வீட்டுக்குள் வரும். 2020 ஆகஸ்டில் இசையாஸ் புயலின்போது அப்படித்தான் வந்தது.

விமானத்தில் உட்கார்ந்தபடி இவ்வளவையும் யாரும் பார்த்துவிட முடியாது. என் அண்ணன் மகள் முன்கூட்டியே அனுப்பியிருந்த வரைபடம் மடியில் இருந்ததால் எனக்குப் புரிந்தது. அவள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் முதுநிலை படிக்கிறாள். “ஊரைப் பாக்கறதுக்கு முன்னாடி, அது எதுமேல உக்காந்திருக்குன்னு பாத்துடுங்க அத்தை” என்று வரைபடத்தோடு ஒரு வரி எழுதியிருந்தாள்.

உறவுக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் அண்ணனிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “பார்க்குல செடி வெக்கறதுக்கா இவ்வளவு செலவு பண்ணி அனுப்பியிருக்கே?” அண்ணனுக்குப் பதில் சொல்லத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. செமஸ்டர் முடியும் மே மாதத்தில், மாணவர்கள் தங்கள் வரைபடங்களைச் சுவரில் மாட்டி நடுவர்கள் முன் நிற்கும் நேரம் பார்த்துப் போனேன். பேட்டைகளை, குடியிருப்புகளை, நிலைத்து வாழும் இடங்களாக்குவது எப்படி என்று உலகத்தில் எங்கோ ஓரிடத்தில் முறையாகச் சொல்லித் தருகிறார்கள் என்றால் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு.

அவளுக்கு இந்தப் படிப்பின் மேல் பிடிப்பு வந்ததற்குக் காரணம் 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளம். வேளச்சேரியில் கீழ்வீட்டில் இருந்தார்கள். ஏரி சுருங்கச் சுருங்க வளர்ந்த பேட்டை அது. பள்ளிக்கூடப் பிள்ளையாக மொட்டை மாடியில் நின்று, தண்ணீர் எந்தத் தெருவில் முதலில் ஏறுகிறது, எங்கே கடைசியில் வடிகிறது என்று நோட்டில் குறித்து வைத்தாள். பிறகு சென்னையிலேயே பி.ஆர்க். முடித்தாள். கட்டடக்கலைப் பட்டம் இருந்ததால் இங்கே அவளுக்கு இரண்டு ஆண்டுப் படிப்பு. வேறு துறையிலிருந்து வருபவர்களுக்கு மூன்று. அவள் வகுப்பில் தாவரவியல் படித்தவர் இருக்கிறார், ஓவியம் படித்தவர் இருக்கிறார், வரலாறு படித்தவரும் இருக்கிறார்.

முதல் பாடமே நடைதான். நியூ ஜெர்சியின் கடலோர மணல்திட்டுகளில் தொடங்கி, பைன் காடுகள் வழியாக, உள்நாட்டுப் பாறை மேட்டுக்குப் போகிறார்கள். மண்ணைக் கையில் உருட்டிப் பார்க்கிறார்கள். இந்த மரம் ஏன் இங்கே நிற்கிறது, இருநூறு அடி தள்ளி ஏன் நிற்கவில்லை என்று எழுதுகிறார்கள். பிலடெல்பியா இப்படிப்பட்ட பாடத்துக்கென்றே அமைந்த ஊர். வடமேற்கே அபிரகம் மின்னும் சாம்பல்நிறக் கடும்பாறை. தென்கிழக்கே ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்த்த மணலும் களியும். இரண்டும் சந்திக்கிற கோட்டில் ஆறுகள் சட்டென்று இறங்குகின்றன. அந்த இறக்கத்தில் ஆலைகள் வந்தன, ஆலைகளைச் சுற்றி ஊர் வந்தது. தண்ணீரைக் காப்பதற்காகவே பூங்கா அமைத்த ஊரும் இதுதான். ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் 1815இல் தொடங்கிய ஃபேர்மவுன்ட் நீரேற்று நிலையத்துக்கு மேலே இருந்த தோட்டங்களை நகராட்சி 1840களில் வாங்க ஆரம்பித்தது. அழுக்கு ஆற்றில் இறங்காமல் இருக்க வேண்டும் என்பது நோக்கம். ஆற்றின் மேற்பகுதியிலிருந்த சுரங்கங்களும் ஊர்களும் நகராட்சியின் பேச்சைக் கேட்கவில்லை என்பதால் தண்ணீர் கெட்டுத்தான் போனது; பூங்கா நிலைத்தது.

தண்ணீரை மதித்த அதே ஊர் சிற்றோடைகளை மதிக்கவில்லை. வில்லியம் பென்னுக்காகத் தாமஸ் ஹோம் 1683இல் வரைந்த நகரப்படம் கட்டம் கட்டமாக இருக்கும். ஓடைகள் கட்டத்துக்குள் அடங்குமா? ஒவ்வொன்றாக மூடினார்கள். பழைய நகரத்தில் நேர்நேரான தெருக்களுக்கு நடுவே டாக் தெரு ஒன்று மட்டும் வளைந்து போகிறது. அடியில் போவது ஓடை. தோல் பதனிடும் கூடங்களின் கழிவால் நாறிப்போய், 18ஆம் நூற்றாண்டிலேயே மூடப்பட்டது அது.

இந்தத் துறை இன்றைய உருவத்துக்கு வந்ததில் இயன் மெக்ஹார்க்குக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ அருகே கப்பல் கட்டும் ஊரில் 1920இல் பிறந்தவர். போரில் பாராசூட் படையில் இருந்தவர். 1950களின் நடுவில் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, ஏறக்குறையப் படுத்துக் கிடந்த துறையை மீண்டும் எழுப்பினார். தோட்டம் போடுகிறவர்கள் மட்டும் பாடம் நடத்தினால் போதாது என்று நிலவியலாளர், நீரியலாளர், சூழலியலாளர், பின்னால் மானிடவியலாளர் வரைக்கும் கொண்டுவந்து உட்கார வைத்தார். 1969இல் வெளியான ‘டிசைன் வித் நேச்சர்’ நூலில் அவர் காட்டிய முறை எளிமையானது. ஓர் இடத்தின் பாறை, மண், சரிவு, நீர், காடு, பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடித் தாளில் சாம்பல் நிற அழுத்தங்களாக வரைய வேண்டும். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால், எங்கே கட்டலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்று நிலமே காட்டிவிடும். இன்று கணினியில் எல்லோரும் செய்யும் அடுக்கு வரைபட வேலையின் வேர்களில் ஒன்று இது. அந்தத் தொழிலில் உலகில் முன்னணியில் நிற்கும் எஸ்ரி நிறுவனத்தை 1969இல் தொடங்கிய ஜாக் டேஞ்சர்மண்டும் ஹார்வர்டில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படித்தவர்தான்.

பல்கலைக்கழகத்தின் மேயர்சன் ஹாலில் அவளுடைய ஸ்டுடியோவுக்குப் போனேன். மேசை மேசையாக அட்டை மாதிரிகள், பாதி குடித்த காப்பிக் கோப்பைகள், மண் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகள், நாற்காலியிலேயே தூங்கும் பிள்ளைகள். எல்லாவற்றையும் விட என்னை நிறுத்தியது வெட்டுப்படங்கள்தான். தெருவை மேலிருந்து பார்ப்பதற்குப் பதிலாக, நெடுக வெட்டிப் பக்கவாட்டில் காட்டுகிற படம். மேலே இரண்டு மாடி வீடு, மரம், நடைபாதை. படத்தின் முக்கால் பாகம் அதற்குக் கீழே. வேர், கொட்டிய மண், நிலக்கரிச் சாம்பல், இடிந்த செங்கல், எரிவாயுக் குழாய், குடிநீர்க் குழாய், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெரிய வட்டம். “இதுதான் மில் கிரீக்” என்றாள். “நாளைக்கு இதுமேல நடக்கப் போறோம்.”

கிளார்க் பூங்காவிலிருந்து தொடங்கினோம். பூங்காவின் ஒரு பகுதி பெரிய கிண்ணமாகக் குழிந்திருக்கிறது. பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். குளிர்காலத்தில் பனிச்சறுக்குவார்களாம். அந்தக் குழிவு பழைய ஆலைக்குளம். ஓடையைத் தடுத்துத் தேக்கிய நீரில் சக்கரம் சுழன்ற இடம். பூங்காவானது 1895இல். அங்கிருந்து வடக்கே நடக்க நடக்க, கட்டம் போட்ட தெருக்கள் மெல்லத் தாழ்ந்து மெல்ல உயர்வதைக் கால் உணர்ந்தது. கண்ணுக்கு அது எட்டுவதில்லை. ஓரிடத்தில் என் தோளைப் பிடித்து நிறுத்தி, “இங்க நில்லுங்க அத்தை, மேன்ஹோல் கிட்ட காதை வெச்சுக் கேளுங்க” என்றாள். ஒரு வாரமாக மழையில்லை. ஆனாலும் அடியில் தண்ணீர் விரைந்து ஓடும் சத்தம் கேட்டது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மில் கிரீக்கை ஒரு பெரிய செங்கல் குழாய்க்குள் அடைத்தார்கள். இருபுறத்துச் சாக்கடைகளையும் அதற்குள்ளேயே திருப்பிவிட்டு, பள்ளத்தாக்கை மண்ணும் சாம்பலும் கொட்டி நிரப்பி, மேலே வரிசை வீடுகளைக் கட்டி விற்றார்கள். நிரப்பிய மண் இறங்கியது. குழாய் விரிசல் விட்டது. 1961இல் ஃபன்ஸ்டன் தெருவில் பாதாளச் சாக்கடை உள்வாங்கி வீடுகளை விழுங்கியது. உயிர்களும் போயின. அதற்குள் அந்தப் பேட்டையில் பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள்தான் இருந்தன. 1930களில் வீட்டுக்கடன் வரைபடங்களில் இதைப் போன்ற பேட்டைகளைச் சிவப்பால் அடைத்து, இங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று குறித்திருந்தார்கள். வேறிடத்தில் வீடு வாங்க விடப்படாத மக்களால், இறங்கும் மண்ணின் மேல் இருந்த வீட்டைத்தான் வாங்க முடிந்தது. பழுது பார்க்க வங்கியில் கடன் கிடைக்கவில்லை. வீடு இடிந்தால் மனை வெறுமையாகக் கிடந்தது.

அந்த வெற்று மனைகள் எங்கெங்கே என்று வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தவர் ஆன் விஸ்டன் ஸ்பர்ன். மெக்ஹார்க்கின் மாணவி. 1970களின் தொடக்கத்தில் இங்கே படித்துக்கொண்டிருந்தபோது, நடந்து போகும் வழியில் தெரு குழிந்து, அடியில் பழுப்பு நீர் பாய்வதைப் பார்த்தார். 1986இல் பேராசிரியராகத் திரும்பி வந்தார். 1987இல் மேற்கு பிலடெல்பியா லேண்ட்ஸ்கேப் திட்டத்தைத் தொடங்கினார். புள்ளிகளை வைத்துப் பார்த்தால், வெற்று மனைகள் சிதறிக் கிடக்கவில்லை; புதைந்த ஓடையின் தடத்தில் நீளமாகக் கிடந்தன. பேட்டையின் கேட்டுக்கு அங்கு வாழ்பவர்களே காரணம் என்று பேசிப் பழகிய ஊருக்கு அந்த வரைபடம் வேறு கதை சொன்னது. தண்ணீருக்கு வழி விட்டு, அந்த வெற்று மனைகளில் மழைநீரைத் தேக்கினால் சாக்கடையின் சுமை குறையும், ஆறும் தூய்மையாகும், பேட்டைக்கும் ஒரு பூங்கா கிடைக்கும் என்று அவர் சொன்னார். நகரத் திட்டக்காரர்கள் பல ஆண்டுகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் அடுத்துச் செய்ததுதான் இந்தப் பயணத்தில் நான் அறிந்தவற்றில் ஆகச் சிறந்த காரியம். 1996 வாக்கில் சல்ஸ்பெர்கர் நடுநிலைப் பள்ளிக்குத் தம் மாணவர்களை அழைத்துப் போனார். முதுநிலை மாணவர்களும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் வீட்டுக்கடன் ஆவணங்களையும் படித்தார்கள். இங்கே ஓடை இருந்தது என்பதை முதலில் பிள்ளைகள் நம்பவில்லை. ஆண்டுக்கு ஆண்டு வரைபடத்தில் ஓடை சுருங்கி, பிறகு காணாமல் போவதைத் தாங்களே கண்டுபிடித்த பிறகு, ஏன் மூடினார்கள், யார் முடிவு செய்தது, எங்கள் தாத்தா ஏன் இந்தத் தெருவில் வீடு வாங்கினார் என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆசிரியர்கள் அதையே கணக்குக்கும் அறிவியலுக்கும் சமூகப் பாடத்துக்கும் பாடத்திட்டமாக்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வடிவமைப்பாளர்கள் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று மட்டும் இதைச் சுருக்கக் கூடாது. எந்தத் தெருவில் வெள்ளம் வரும், எந்த மனையில் பிள்ளைகள் விளையாடப் போகமாட்டார்கள், எந்தப் பாட்டியைக் கேட்டால் எல்லாம் தெரியும் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத்தான் தெரிந்திருந்தது. 2002க்குப் பிறகு பள்ளி நிர்வாகம் தனியார் நிறுவனத்தின் கைக்கு மாறியதும் அந்தப் பாடம் நின்றுபோனது. ஸ்பர்ன் 2000இல் எம்.ஐ.டி.க்குப் போய்விட்டார், ஆனால் மில் கிரீக்கை விடவில்லை. ஆண்டுக்கணக்கில் அங்கிருந்து மாணவர்களோடு இதே பேட்டைக்கு வந்துகொண்டிருந்தார்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்குள் ஒரே எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு செமஸ்டர் பதினைந்து வாரம்கூடத் தேறாது. ஒரு ஓக் மரம் நிழல் தர இருபது ஆண்டு. ஒரு பேட்டை வெளியாளை நம்ப எத்தனை ஆண்டு? இந்தப் படிப்பைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் நான் முதலில் சொல்லப் போவது இதைத்தான். வரையத் தெரிவதும், மண் தெரிவதும், மரம் தெரிவதும் வேண்டும். தங்கியிருக்கும் மனம் இல்லாவிட்டால் அத்தனையும் வீண். சுவரில் மாட்டிய அழகான படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறவர்களை இந்தப் பேட்டைகள் நிறையப் பார்த்திருக்கின்றன. 1950களில் லூயி கான் போன்ற கட்டடக்கலை மேதையே மில் கிரீக்கில் அரசுக் குடியிருப்பை வடிவமைத்தார். ஐம்பது ஆண்டுக்குள் அந்த அடுக்கு வீடுகளை இடித்துவிட்டார்கள்.

பல்கலைக்கழகத்துக்கும் இதில் பழைய கணக்கு ஒன்று உண்டு. கேம்பஸுக்கு வடக்கே, மார்க்கெட் தெருவை ஒட்டி பிளாக் பாட்டம் என்றொரு கறுப்பினப் பேட்டை இருந்தது. 1960களில் கல்வி நிறுவனங்கள் விரிவதற்காக அங்கிருந்து ஆயிரக்கணக்கானவர்களை அப்புறப்படுத்தினார்கள். இன்று அங்கே கண்ணாடி ஆய்வுக்கூடங்கள். முதல் வகுப்பிலேயே இதைப் பற்றிப் படித்ததாக என் மருமகள் சொன்னாள். பூங்கா வந்தால் வாடகை ஏறும், வாடகை ஏறினால் யாருக்காகப் பூங்கா கேட்டோமோ அவர்களே வெளியேற வேண்டிவரும் என்ற பயம் இந்தப் பேட்டைகளில் இன்றும் இருக்கிறது. அந்தப் பயத்தைத் தெரிந்துகொள்ளாதவர் கையில் பச்சைப் பென்சிலைக் கொடுக்கக் கூடாது என்பேன்.

நகராட்சியின் நீர்த்துறை கடைசியில் ஓடையின் பேச்சைக் கேட்டது. 1999இல் நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்கென்றே ஒரு பிரிவு தொடங்கினார்கள். நகரத்தின் ஐந்தில் மூன்று பங்கில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன. சற்று மழை வலுத்தாலும் குழாய் நிரம்பி, 164 வாய்கள் வழியாகக் கழிவோடு ஆற்றில் கொட்டும். வேறு நகரங்கள் இதற்குப் பூமிக்கடியில் பெரும் சுரங்கம் வெட்டித் தேக்கின. பிலடெல்பியா 2011இல் ‘பசுமை நகரம், தூய நீர்’ என்ற 25 ஆண்டுத் திட்டத்தை எடுத்தது. ஒரு ஏக்கர் கான்கிரீட்டில் விழும் முதல் ஒரு அங்குல மழையை அங்கேயே மண்ணில் இறக்கினால், குழாய்க்குப் போகும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீர் மிச்சம். இப்படி 9,500 ஏக்கருக்கு மேல் பசுமையாக்குவது இலக்கு. கடைகளும் கிடங்குகளும் எவ்வளவு நிலத்தை மூடியிருக்கின்றனவோ அதற்கேற்ப மழைநீர்க் கட்டணம் செலுத்துகின்றன. வாகன நிறுத்தத்தில் கொஞ்சம் தாரைப் பெயர்த்துச் செடி வைத்தால் கட்டணம் குறையும்.

மரப்பள்ளங்களைக் காட்டினாள். நடைபாதை ஓரம் சாதாரணமாக நிற்கும் மரங்கள். தெருநீர் சாலையோர வாயில் நுழைந்து, நடைபாதைக்கு அடியில் சரளைக்கல் நிரப்பிய நீண்ட பள்ளத்துக்குள் பரவுகிறது. மரம் குடித்தது போக மீதி மண்ணில் இறங்கும். அதற்கும் மிஞ்சினால் மட்டும் மெல்லக் குழாய்க்குப் போகும். பார்வைக்கு ஒன்றுமே இல்லை. அடியில் ஓர் ஏற்பாடு இருப்பது தெரு மக்களுக்கும் தெரிய வேண்டும் என்று சில இடங்களில் சின்னப் பலகை வைத்திருக்கிறார்கள். பலகை உடைந்திருந்த ஓரிடத்தில், நீர்வாயில் சிப்ஸ் பாக்கெட்டுகளும் இலைகளும் அடைத்திருந்தன. என் மருமகள் குனிந்து கையாலேயே எடுத்துப் போட்டுவிட்டு நடந்தாள்.

ஒரு வெற்று மனையில் புல் வெட்டி, இரண்டு மரம் நட்டு, இடுப்பளவுகூட இல்லாத மரவேலி போட்டிருந்தார்கள். பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கத்தின் வேலை. இதைப் போல் ஆயிரக்கணக்கான மனைகளைக் குப்பை அகற்றிச் சீர் செய்திருக்கிறார்கள். இவ்வளவு சின்ன வேலைக்கு என்ன பலன் என்று ஆராய்ச்சியாளர்கள் 541 மனைகளை எடுத்து, குலுக்கல் முறையில் சிலவற்றைச் சீராக்கி, சிலவற்றை விட்டுவைத்து ஒப்பிட்டார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, வறுமை மிகுந்த பேட்டைகளில் சீராக்கிய மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது. புல்லும் வேலியும்தான். அங்கே நின்று அந்த எண்ணைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

பேட்டையின் உள்ளே ஒரு சமூகத் தோட்டத்துக்கும் போனோம். தெற்கு மாநிலங்களிலிருந்து பெற்றோர் காலத்தில் வடக்கே வந்த கறுப்பினப் பெரியவர்கள்தான் பெரும்பாலும் பாத்தி வைத்திருக்கிறார்கள். கொலார்ட் கீரை செழித்திருந்தது. பின்னால் நடுவதற்கு வெண்டை நாற்றுகளைத் தட்டுகளில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். வெண்டையும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் காலத்தில் இந்நாட்டுக்கு வந்த பயிர்கள். எழுபது தாண்டிய ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஊரில் வெண்டையை எப்படிச் சமைப்போம் என்று கேட்டார். மோர்க்குழம்பு என்பதை விளக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அவர் தன் மனையில் எந்த மூலையில் மழைக்குப் பிறகு மூன்று நாள் ஈரம் நிற்கும் என்று காட்டினார். என் மருமகளின் வெட்டுப்படத்தில் பழைய ஓடையின் கரை அதே மூலையில்தான் ஏறுகிறது. “இவங்க சொன்னப்புறம்தான் கோட்டை அங்க மாத்தினேன்” என்று தமிழில் என் காதில் சொன்னாள்.

மதிப்பீட்டு நாளன்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் எடுத்துக்கொண்டது மில் கிரீக்கில் இரண்டு தெருக்கள். தாழ்ந்த மனைகளை மழைநீருக்கு விட்டாள். மேட்டு மனைகளில் தோட்டப் பாத்திகளும் ஆறு வீடுகளும். வீடுகளை அங்கே ஏற்கெனவே வாடகைக்கு இருப்பவர்களுக்கே விற்க வேண்டும் என்று நிலஅறக்கட்டளை முறை ஒன்றைச் சேர்த்திருந்தாள். செடிகளின் பட்டியல், சரிவின் கணக்கு எல்லாம் கேட்டார்கள். பிறகு நடுவர்களில் ஒருவர் கேட்டார்: இதை யார் பராமரிப்பார்கள்?

அவள் நீர்க்கட்டிகளைப் பற்றிச் சொன்னாள். எங்கள் ஊர் ஏரிகளில் மதகைத் திறந்து மூடி, யார் வயலுக்கு எவ்வளவு என்று பார்த்து விடுவதற்கு ஊரே ஒருவரை வைத்திருக்கும். அவருக்கு விளைச்சலில் பங்கு உண்டு. அவர் இல்லாத ஏரி சில ஆண்டில் தூர்ந்துவிடும் என்றாள். தன் திட்டத்தின் செலவுக் கணக்கில், பேட்டையைச் சேர்ந்த இருவருக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் போட்டிருப்பதைக் காட்டினாள். இந்த ஊரிலேயே 2013இல் தொடங்கிய பவர்கோர் என்ற அமைப்பு, வேலையில்லாத இளைஞர்களையும் சிறையிலிருந்து வந்தவர்களையும் பயிற்றுவித்து, நகராட்சியின் மழைத்தோட்டங்களைப் பராமரிக்க வைக்கிறது. அவர்களிடம் பேசித்தான் அந்தச் சம்பளக் கணக்கைப் போட்டிருக்கிறாள். கட்டும் செலவைவிடப் பத்தாண்டுச் சம்பளம் கூடுதலாக வருகிறதே என்று இன்னொருவர் கேட்டார். ஆமாம், அதுதான் உண்மையான செலவு என்றாள். எனக்கு அந்தப் பதிலில் பெருமையாக இருந்தது.

தங்கியிருப்பது அவள் ஆசையை மட்டும் பொறுத்ததில்லை. வெளிநாட்டு மாணவர்கள் பட்டம் வாங்கியபின் வழக்கமாக ஓராண்டுதான் இங்கே வேலை பார்க்கலாம். 2023இல் அமெரிக்க அரசு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரை அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளின் பட்டியலில் சேர்த்ததால் கூடுதலாக இரண்டு ஆண்டு கிடைக்கிறது. பிறகு வேளச்சேரியா, வேறிடமா என்று அண்ணன் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இப்போதைக்கு இந்தக் கோடை முழுவதும் மில் கிரீக்கில் இருக்கப் போவதாக அவரிடம் சொல்லிவிட்டாள்.

ஜூன் முதல் வாரத்தில் மண் மாதிரி எடுக்கிறார்கள். பழைய வீடுகள் இடிந்த மனைகளில் சுவர்ப்பூச்சின் ஈயம் மண்ணில் தங்கியிருக்கும். எந்த மனையில் நேரடியாகக் கீரை போடலாம், எந்த மனையில் பெட்டி கட்டி வேறு மண் நிரப்ப வேண்டும் என்று ஆய்வுக்கூடம் சொன்ன பிறகுதான் பாத்திகளின் இடத்தை முடிவு செய்ய முடியும். தோட்டத்து அம்மாள் தன் பேரன்கள் இருவரை உதவிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, சின்ன மண்வெட்டிகளும் மாதிரிப் பைகளும் அழியாத மை பேனாவும் வாங்க அவளோடு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். பேரன்களுக்கும் சேர்த்து நான்கு ஜோடிக் கையுறை வாங்கினாள்.